கடைசியாய் வந்தவர்



ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவரின் பெயரையே நாம் நினைவில் வைக்கிறோம். நானும் அவ்வாறே இருந்தேன். கடைசியாய் வந்த ஒருவரைக் குறித்து அறிந்தபின் என் எண்ணம் மாறிற்று. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லாயிட் ஸ்காட்.

2002-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில், ஆழ்கடலில் மூழ்குவோர் முற்காலத்தில் அணிந்த கனத்த உடையைத் தரித்துக்கொண்டு அவர் இறங்கினார். பெரிய உலோகத் தலைக்கவசம், கனத்த காலணிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 50 கிலோ! 42.195 கிலோமீட்டர் தூரத்தை மற்றவர்கள் சில மணி நேரத்தில் கடந்தார்கள். அவருக்கோ ஐந்து நாட்களுக்கும் மேலாயிற்று. 2011-இல் நத்தை வேடமிட்டு அதே தூரத்தைக் கடக்க 26 நாட்கள் எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை மனிதர் என்று நகைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அவர் தீயணைப்பு வீரராயிருந்தவர். 1987-இல் எரிகிற வீட்டிலிருந்து இரு சிறுவர்களை மீட்டார். புகையைச் சுவாசித்ததால் சிகிச்சைக்குச் சென்ற இடத்தில், தமக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பதை அறிந்தார். 1989-இல் வேறொருவர் கொடுத்த எலும்பு மஜ்ஜையால் பிழைத்தார்.

அதன்பின் ஓடியதெல்லாம் பிறருக்காகவே. வேகமாய் ஓடுகிறவனை ஜனங்கள் ஒரு நொடி பார்ப்பார்கள். பாரம் சுமந்து மெல்ல நடப்பவனிடமோ, "ஏன்?" என்று நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் அந்த உடையைச் சுமந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கென்று நிதியும் திரண்டது.

அன்பானவரே, மஜ்ஜை பொருந்தும் வாய்ப்பு ஒரே இனத்தாரிடையே அதிகம். உடன்பிறந்தாருடையது பொருந்தாத ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, முன்பின் அறியாத வேறொரு தமிழரிடத்தில் உயிர் இருக்கக்கூடும். அவர் மும்பையில் உங்கள் அடுத்த தெருவிலும் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற பதிவகங்களில் பெயர் கொடுக்க, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருந்தினால், பெரும்பாலும் கை நரம்பின் வழியாகவே உயிரணுக்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐம்பதைக் கடந்த நான் இதை அறிந்தபோது, பெயர் கொடுக்கும் வயது எனக்குக் கடந்துபோயிருந்தது. அது என் மனதில் உறுத்துகிறது. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறதல்லவா? உங்கள் வீட்டு வாலிபருக்கும் இருக்கிறதே! ஐம்பது கிலோ பாரத்தை உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பஞ்சுக் குச்சியே கேட்கப்படுகிறது. தாமதிக்க வேண்டாம்.