அசையாத நாடகம்

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். நான் அறிந்த வரையில், அழகாகப் பொய் சொல்ல அதற்கு இணை வேறொன்றில்லை! புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். மறு ஆண்டே பிரான்சு நாட்டின் இப்போலித் பயார் என்பவர், நீரில் மூழ்கி இறந்த பிணம்போலத் தாமே சாய்ந்திருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். டாகேருக்குச் சிறப்புச் செய்த அரசு தம்மைக் கண்டுகொள்ளாததால் மூழ்கி மாண்டதாகப் படத்தின் பின்புறம் எழுதியும் வைத்தார். அப்புறம் 1887 வரை நலமாக வாழ்ந்தார்!

அந்தப் பெரியவரின் வழியில்தான் நாங்களும் நடந்தோம். நாச்சாரத்தில் ஒரு மாடி அறை, நண்பர் நால்வர். என்.டி. ராமராவ் 1976இல் ராமகிருஷ்ணா ஸ்டூடியோவை நிறுவிய பேட்டையல்லவா? கலைக்காற்று எங்கள் அறையிலும் வீசிற்று. வெள்ளை வேட்டியே திரை, கைப்பேசியே காமிரா, கண்ணாடி டம்ளரின் அடிப்பாகமே துப்பறிவாளரின் பூதக்கண்ணாடி.

எங்கள் முதற் காவியம் 'காணாமற்போன குக்கர் விசில்'. ஆறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. மேடையில் அழுகை மெல்ல வளரலாம். படத்திலோ அழுகையின் உச்சியில் அப்படியே உறைந்து நிற்கவேண்டும். அதற்குள் யாருக்கேனும் சிரிப்பு வந்து தொலையும்! கதையின் மர்மம் இதுதான்: காவலரின் ஊதுகுழல்போலத் துப்பறிவாளர் கழுத்தில் தொங்குவதே அந்த விசில். முதற் படத்திலிருந்தே தொங்குகிறது. முடிவை அறிந்தவர் மீண்டும் முதற் படத்துக்கு ஓடுவார். மேடை நாடகத்தில் இப்படித் திரும்பிப் பார்க்க இயலுமா?

நான்காம் படத்தில் சமையல் நின்றுவிட, நெல்லை நண்பர் வெறுந்தட்டை வழித்து நக்குகிறார். அற்புதமாக அமைந்தது. அவரோ அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தப் படம் மட்டும் வேண்டாம். அம்மா பாத்தா நெசம்னு நெனச்சிருவா" என்றார். அந்த மாதம் அவருக்கு வீட்டிலிருந்து பணம் வரவில்லை. எங்கள் மூவருக்கும் அது தெரியும். "இதுதானய்யா கதைக்கு உயிர்!" என்று வாதாடத் தொடங்கிய மதுரை நண்பர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

படம் நீக்கப்பட்டது. விசிலை இழந்த குக்கரின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, நால்வரும் நான்கு வெறுந்தட்டுகளின் முன் சம்மணமிட்டு அமர்ந்தோம். பசி பொதுவுடைமை ஆயிற்று! எல்லாரினும் பெரிதாக வாயைப் பிளந்தவர் நெல்லை நண்பரே.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்ற தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். உரை வகுத்த பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்தார்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ள நாமே சிரிப்பது மற்றொன்று. பயாரின் பிணம் இரண்டாம் வகை. எங்கள் நான்கு தட்டுகளும் அவ்வகையே.

இன்று ஒரு படம் தன் கதையை விட்டுப் பிரிந்து நொடியில் ஊர் சுற்றப் போய்விடுகிறது. 'இது நடிப்பு' என்று சொல்ல அதனுடன் யாரும் போவதில்லை. ஆகவே, தோழர்களே, படம் எடுங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். ஆனால் படத்தில் நிற்பவரும் சிரிக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.