அமர்கி

ஒரு மூட்டை பார்லி கடன் வாங்குறீங்க. வட்டி மூணுல ஒரு பங்கு. பழைய மெசபடோமியாவில் தானியக் கடனுக்கு அதுதான் வழக்கமான வட்டி. கட்டாம விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினா 10 வருஷத்துல கிட்டத்தட்ட 18 மூட்டை. 40 வருஷத்துல ஏறக்குறைய 1 லட்சம் மூட்டை. எஜுகேஷன் லோனுக்குக் கணக்குப் போடுற அதே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வயிறு கலங்குச்சு.

இந்த மாதிரி ஒரு கடன்தான் தெற்கு ஈராக்கில் இருந்த லகாஷ், உம்மா என்ற இரண்டு சுமேரிய நகரங்களுக்கு நடுவுல இருந்தது. எல்லையில இருந்த லகாஷ் நிலத்துல உம்மாக்காரங்க பயிர் பண்ணலாம், பார்லியை வட்டியோட திருப்பணும்னு ஒப்பந்தம். அவங்க திருப்பல. கி.மு. 2400 வாக்கில் லகாஷை ஆண்ட என்மெட்டேனா (பட்டம் 'என்சி') அந்தப் பாக்கியை ஒரு களிமண் கூம்புல எழுதி வச்சார். எந்த ஊராலயும் கட்ட முடியாத தொகை. உம்மாவின் தலைவர் ஊர்-லும்மா எல்லை வாய்க்கால் தண்ணியைத் திருப்பிவிட்டுப் படையோட வந்தார், தோத்தார். ஓடுற அவசரத்துல 60 அணிக் கழுதைகளைக் கரையிலயே விட்டுட்டுப் போனாராம்.

இதே என்மெட்டேனாதான் தன் ஊர் மக்களோட பார்லிக் கடனைத் தள்ளுபடி பண்ணினார். நமக்குக் கிடைச்சதுலயே மிகப் பழைய கடன் தள்ளுபடிப் பதிவு இவரோடதுதான். அப்போ கடனைக் கட்ட முடியலைன்னா பிள்ளைகள் அடிமையா போகணும். தள்ளுபடியானதும் பிள்ளை அம்மாகிட்டயும், அம்மா பிள்ளைகிட்டயும் திரும்பினாங்கன்னு எழுதியிருக்கார். அதுக்கு அவங்க சொன்ன வார்த்தை 'அமர்கி'. நேரடி அர்த்தம், அம்மாகிட்ட திரும்புறது. (சுமேரியத்துலயும் 'அமா'ன்னா அம்மா. உடனே ஃபார்வர்டு கிளப்பாதீங்க, பாதி உலகம் அப்படித்தான் கூப்பிடுது.)

என் லோன் பத்திரத்துல என் பேருக்குக் கீழே அம்மா கையெழுத்து இருக்கு. அதனாலயோ என்னவோ, இந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியல.

அதுக்காக அவரை வள்ளல்னு சொல்ல மாட்டேன். அடிமையா போனவன் வாய்க்கால் வெட்டவும் ஈட்டி பிடிக்கவும் ஊருக்குக் கிடைக்க மாட்டான், அந்தக் கணக்கும் இருந்திருக்கும்னு தோணுது. உம்மாவோட பாக்கியை மட்டும் அவர் விடவே இல்ல. ஊர்-லும்மாவுக்கு அப்புறம் வந்த இல் என்பவர்கிட்டயும் அதே வாய்க்கால், அதே பார்லின்னு சண்டை தொடர்ந்தது.