பலாலியும் மீனம்பாக்கமும்

இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று வினவினால், மாணவன் அளவுகோலை எடுப்பான். பிரயாணி கடிகாரத்தைப் பார்ப்பான். இருவர் விடையும் ஒத்துவருதல் அரிது. பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வான்வழி இதற்குத் தக்க உதாரணமாகும்.

தேசப்படத்தை விரித்து நோக்குவோம். இவ்விரு விமான நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்துள்ளன. பலாலியின் அகலக்கோடு 9.8 பாகை, மீனம்பாக்கத்தினது 13 பாகை. வித்தியாசம் 3.2 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கடல்மைல் என்பதை மாணவர் அறிவர். ஆகவே தூரம் 192 கடல்மைல்; அதாவது சுமார் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தெருவழியே செல்லும் தூரமோ இதனினும் அதிகம்!

1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் தனது முதற் சேவையைத் தொடங்கிற்று. இரத்மலானையில் எழுந்த டக்கோட்டா விமானம் பலாலியில் இறங்கிப் பின்னர் சென்னை சென்றது. இவ்வழி நம் முன்னோர்க்குப் பழகிய வழியாயிற்று.

பின்னர் போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று. சென்னைக்குச் செல்ல வேண்டிய முதியோரும் நோயாளரும், முதலில் தெற்கே கொழும்பு வரை சுமார் 400 கிலோமீற்றர் செல்லவேண்டியவராயினர். அங்கிருந்து வடக்கே விமானத்தில் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். அது யாழ்ப்பாணத்தின் மேலாகவே செல்லும். விட்டுப் புறப்பட்ட வீட்டின் திசைக்கே மீண்டு, அதனைக் கடந்து போகும் பயணம் அது. ஒரு மணித்தியாலப் பிரயாணம் ஒரு நாட் பிரயாணமாயிற்று. பூமி ஓர் அங்குலமும் நகரவில்லை.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, 2020இல் பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் ஆரம்பமாயிற்று.

அவ்வழியே நாமும் சென்றோம். செம்மண் தோட்டங்களும் பனைகளும் கீழே சிறுத்து மறைய, சில நிமிடங்களில் கடல் விரிந்தது. இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் நேர்கோடு பெரும்பாலும் கடல்மீதே செல்வது. கோடிக்கரை, நாகபட்டினம், காரைக்கால், புதுச்சேரி யாவும் அதற்கு இடப்புறம் அமைய, கல்பாக்கத்தை அண்மித்தே அது கரையேறுகிறது.

இச்சேவையிலுள்ள ஏ.ரி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் பறக்க வல்லது. கணக்கின்படி 43 நிமிடங்கள் போதும். எனினும் ஒரு மணித்தியாலத்துக்கு மேற் செல்கின்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், வேகந்தணிந்து இறங்குதல் ஆகியவற்றுக்கும் நேரம் வேண்டும் அன்றோ?

அந்தச் சில நிமிடத் தாமதத்துக்குக் காரணம் விமானவியல். பல்லாண்டுகள் ஒரு நாளாய் நீண்டிருந்தமைக்குக் காரணம் மனிதர். மாணவர்கள் தேசப்படத்தில் தூரத்தை அளக்கும்போது, அவ்வழி திறந்திருக்கின்றதா என்பதையும் உடன் கேட்டறிவார்களாக.