ஓரியின் வில் எந்த மரம்? கொல்லிமலையில் ஒரு தேடல்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனால் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்க்கலாம். ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா நடக்கும்போது கூட்டம் அலைமோதும். வில்வித்தைப் போட்டியும் உண்டு. சிலைக்கு முன்னால் செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு 'சிலை' என்ற சொல்லின் இன்னொரு பொருள் தெரியும்?

பழந்தமிழில் சிலை என்றால் வில். அதோடு முடியவில்லை. வில் செய்யும் ஒரு மரத்துக்கும் அதே பெயர்தான். பழைய உரைகளிலும் அகராதியிலும் 'வில் செய்ய உதவும் ஒருவகை மரம்' என்ற குறிப்பு இருக்கிறது. சரி, அது என்ன மரம்? அந்த இடத்தில் 'ஒருவகை' என்ற சொல்லோடு அகராதி கையை விரித்துவிடுகிறது. பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது, மரம் எங்கோ வழியில் நழுவிவிட்டது.

ஓரியின் வில்லைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-வது பாட்டு. ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்து நின்றதாம். புலவர் கொஞ்சம் தாராளமாகவே பாடியிருக்கிறார்! ஆனால், அந்த வில் எந்த மரத்தில் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சரித்திர ஆர்வத்துக்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை இது. யூடியூப் பார்த்துவிட்டுத் தானே வில் செய்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத ஒரு கட்டை. கனமாக இருக்கிறது, சிவப்பாக இருக்கிறது, ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. 'இதைவிட நல்ல மரம் வேண்டுமா?' என்று தோன்றும்.

வேண்டும். நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் இழுபடும், எய்பவரைப் பார்த்த உட்பக்கம் நசுங்கும். இரண்டையும் ஒரே மரம் தாங்கி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெறும் கடினம் இதற்குப் போதாது. நம் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் நார் ஒரு அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமாகவும் முறுக்கிக்கொண்டு வளரும். இழைப்புளி போடும் ஆசாரிக்கு இது தெரியும். ஒரு பட்டை வழவழவென்று வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்துகொண்டு வரும். அப்படிப்பட்ட மரத்தில் செய்த வில் முழு இழுப்பில் முறிந்தால், சிம்பு பறப்பது முகத்துக்கு நேராக. கண் விஷயம்.

அதனால் முதலில் கட்டையின் பெயர் தெரிய வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. கருங்காலி மாலை மோகத்தில் சாயம் பூசிய மணிகளை வாங்கி, வேர்வையில் சட்டை கறையானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொல்லிமலையில் கிடைத்தது என்பதாலேயே அது காட்டு மரம் ஆகிவிடாது. அங்கே தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறுவது சில்வர் ஓக் மரத்தில். பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. பலகையாக அறுத்தால் பளபளவென்று புள்ளி புள்ளியாக மின்னும்.

மரத்தின் ஆதார் கார்டு அதன் குறுக்குவெட்டு முகத்தில் இருக்கிறது. புது பிளேடால் அந்த முகத்தை ஒரே இழுப்பாகச் சீவி, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் துளைகள் தெரியும். தேக்கில் துளைகள் வளையம் வளையமாக வரிசை கட்டும். மற்ற மரங்கள் பலவற்றில் துளைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். துளையைச் சுற்றி வெளிர் வட்டம் இருக்கிறதா, நடுவில் இருந்து வெளியே ஓடும் கதிர்க்கோடுகள் மெல்லியவையா, தடிப்பானவையா என்று பார்த்தே நிபுணர்கள் மரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேங்கை என்று சந்தேகமா? வைரப்பகுதியைச் சீவித் தண்ணீரில் போட்டால், வெளிச்சத்தில் தண்ணீர் நீலமாக ஒளிரும். சர்க்கரை நோய்க்கென்று விற்கும் வேங்கைக் குவளையிலும் இதைப் பார்க்கலாம்.

அடர்த்தி பார்க்கவும் வழி உண்டு. நன்றாகக் காய்ந்த, ஒரே தடிமனான 30 செ.மீ. குச்சியைத் தண்ணீர் நிரம்பிய குறுகலான குழாயில் நிறுத்தி மிதக்க விடுங்கள். 24 செ.மீ. மூழ்கினால் அடர்த்தி சுமார் 0.8. மூழ்கிய நீளத்தை மொத்த நீளத்தால் வகுத்தால் போதும்.

இதிலும் தீராவிட்டால் பெங்களூரில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனமும், டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கேயும் பல நேரங்களில் 'இந்தப் பேரினம்' என்பது வரைதான் துண்டுக் கட்டை பேசும். எந்த இனம் என்று சொல்ல இலையும் பூவும் வேண்டும்.

உலகில் சில மரங்கள் பெயரிலேயே வில்லைச் சுமக்கின்றன. அந்தமானில் 'சூயி' என்ற மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அந்தமான் வில்மரம். அது சீத்தாப்பழக் குடும்பம். பள்ளிக்கூட வாசலில் நெடுநெடுவென்று நிற்கும் நெட்டிலிங்கமும் அதே குடும்பம்தான். அமெரிக்கப் பழங்குடிகள் வில் செய்த ஓசேஜ் ஆரஞ்சு, கொல்லிமலை பலாவுக்குச் சொந்தம். அதற்காகப் பலாவை வெட்டி வில் செய்யப் போய்விடாதீர்கள், பழத்துக்காகவே விட்டுவிடலாம்!

நம் பக்கம் வருவோம். அர்த்தசாஸ்திரம் வில்லுக்கான பொருள்களாகச் சொல்வது நான்கு: பனை, மூங்கில், மரம், கொம்பு. பனையை முதலில் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 'சிலை' மரத்தைத் தேடி அலைகிறவர்கள் வரப்பில் நிற்கும் பனையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மரம் என்று வரும்போது, சமஸ்கிருதத்தில் 'வில்மரம்' என்றே பெயர் பெற்ற ஒன்று தென்னிந்தியக் காடுகளில் உண்டு. தமிழில் தடசு, உன்னு, சடச்சி. வளைந்து கொடுப்பதற்குப் பேர்போனது. வண்டி ஏர்க்கால், துடுப்பு, கருவிகளின் கைப்பிடி என்று அடியையும் அதிர்ச்சியையும் வாங்கும் வேலைகளுக்கு இதைத்தான் தேடினார்கள். இதுதான் ஓரியின் மரம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால், சந்தேகப் பட்டியலில் முதல் இடம் இதற்குத் தரலாம்.

காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டினாலும் 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். வேட்டைக்கு 1972-ம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் தடை போட்டது. அம்பு எய்யும் பழக்கம் குறைந்தால் எந்த மரம் வளையும், எது முறியும் என்ற கைப்பழக்கமும் மெல்லக் குறையத்தானே செய்யும்? மரத்தை வெட்டாமலே பெயர் கேட்கலாம். மலையாளி மக்களில் காடு பழகிய ஒரு பெரியவரோடு நடந்தால், லென்ஸ் சொல்லாததை அவர் இலையைக் கசக்கிப் பார்த்துச் சொல்லிவிடக்கூடும். அவர் தடசு என்று காட்டினால் நீங்களே சரிபார்க்கலாம். இலையின் அடிப்பகுதி ஒரு பக்கம் கோணலாக இருக்கும். பூ மஞ்சள். காய் பட்டாணி அளவு, பழுத்தால் கறுப்பு, வாயில் போட்டுக்கொள்ளலாம்.