கீழ்த்தாடை இல்லாத வாய்

திருவண்ணாமலை ராஜகோபுரம் என்றதும் 217 அடி உயரமும் 11 நிலைகளும்தான் பேச்சாக வரும். உச்சியில், கலச வரிசையின் இரு முனைகளிலும் கண் பிதுங்க வாய் பிளந்திருக்கும் முகங்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தீபத் திருவிழாவில் வீதியுலா வரும் உற்சவருக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியிலும் அதே முகம்தான் உச்சியில் உட்கார்ந்திருக்கும். கோரைப்பல் உண்டு, மேலுதடு உண்டு. பெரும்பாலும் கீழ்த்தாடையை மட்டும் காணோம்.

இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கைகொடுத்தது புராணம். ஜலந்தரன் என்ற அசுரன் பார்வதியைக் கேட்டு ராகுவைத் தூது அனுப்புகிறான். சினந்த சிவனின் புருவ நடுவிலிருந்து சிங்கமுகப் பூதம் ஒன்று பாய்கிறது. ராகு அலறிச் சரணடைய, சிவன் பூதத்தைத் தடுக்கிறார். அப்படியானால் என் பசிக்கு வழி என்ன என்று அது கேட்கிறது. உன்னையே தின்றுகொள் என்கிறார். காலில் தொடங்கித் தின்றுகொண்டே வந்த பூதத்துக்குக் கடைசியில் முகம் மட்டும்தான் மிஞ்சுகிறது. மனமிரங்கிய சிவன் அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயரிட்டு, தன் வாசலில் இடம் கொடுக்கிறார். தூது வந்த ராகுவும் உடலற்ற தலைதான் என்பது கதைக்குள் இருக்கும் குறும்பு.

வாசலில் அந்த முகம் ஏன் இருக்கிறது என்பதற்குக் கதை பதில் சொல்லிவிடுகிறது. தாடை எங்கே போனது என்பதற்குக் கல்லைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய், தென்னிந்தியக் கட்டடக்கலை பற்றிய தம் நூலை 1914இல் வெளியிட்டார். கூடு, தூணின் தலையில் அமரும் போதிகை, தூண் ஆகியவற்றின் வடிவம் காலந்தோறும் மாறிய விதத்தை வைத்தே ஒரு கோயிலின் வயதைச் சொல்லலாம் என்று அதில் காட்டினார். கூடு என்பது கூரை விளிம்பான கொடுங்கையில் வரிசையாகத் தெரியும் குதிரைலாட வளைவு; பௌத்தக் குடைவரைகளின் முகப்புச் சன்னல்தான் அதற்கு மூலம். மாமல்லபுரத்துப் பல்லவர் கூடுகளில் உச்சி மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கிறது; உள்ளிருந்து ஒரு மனித முகம் எட்டிப் பார்க்கிறது. சோழர் காலத்துக்கு வரும்போது அந்த மண்வெட்டி இருந்த இடத்தில் சிங்கமுகம் ஏறிவிடுகிறது. ஆக, தமிழ்நாட்டில் வளைவு முதலில் வந்தது, வாய் பிறகுதான்.

தாடைக் கணக்கைத் தீர்த்து வைத்தவர், ஒத்தவாடைத் தெருப் பக்கம் சந்தித்த சுதை வேலைக்காரர். “கீழ்த்தாடை ஏன் வைக்கிறதில்லைங்க?” என்றேன். “வளைவு இருக்கே சார், அதுதான் தாடை. அது வாயிலேர்ந்துதானே இறங்குது? கீழ ஒண்ணு வெச்சா அடைச்சிக்கும்.”

அவர் சொன்ன பிறகு திருவாசியைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. மேலே சிங்கமுகம், கீழே இரு முனைகளிலும் மகரம் என்ற கற்பனை நீர்விலங்கின் முகம். வளைவு முழுவதுமே இந்த மூன்று வாய்களுக்கு நடுவில் ஓடுகிறது. கடல் கடந்தும் இதே ஏற்பாடுதான். ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டில் எழுந்த போரோபுதூரில், படிக்கட்டு வளைவுகளின் உச்சியில் ‘காலா’ முகம் இருக்கிறது. அதற்கும் கீழ்த்தாடை இல்லை. ஏறிப் போகிறவர் அந்த வாய்க்குக் கீழேதான் நுழைய வேண்டும். பிற்காலக் கிழக்கு ஜாவாக் கோயில்களில் அதே முகம் தாடையோடு, தனி உருவமாகவே நிற்கிறது.

கிழக்கு ஜாவாவில் நடந்ததை இங்கேயும் பார்க்கலாம். திருவண்ணாமலையிலும் மற்ற ஊர்களிலும் கட்டி முடியாத வீடுகளின் முன்னால் திருஷ்டிக்காக ஓர் அரக்க முகம் தொங்குகிறது: மிரட்டும் கண், கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. வளைவு எதையும் தாங்காமல் கயிற்றில் ஆடும் அந்த முகத்துக்குத் தாடை முழுசாக இருக்கிறது.