சாக்கடை எங்க போய் முடியுது?

எங்க தெருச் சாக்கடை முப்பது வருசத்துக்கு முந்தி கட்டுனது. சிமெண்டு பேந்து, பாதி மண்ணு மூடிக் கெடக்கு. அது போய் விழுறது வரத்து வாரியில. அந்த வாரிதான் கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வருது.

மே 1 கிராமசபையில, புதுசாக் கட்டப்போறோம்னு திட்டத்தை வாசிச்சாங்க. நீளம், அகலம், மேல்மூடி எல்லாம் இருந்துச்சு. நான் எந்திரிச்சு, "தண்ணி கடைசியா எங்க விழும்?"னு கேட்டேன்.

"பழைய இடத்துலதாண்ணே."

என் வயல் வாரி ஓரம். போன வருசம் சாக்கடைத் தண்ணி மடை வழியா ஏறிடுச்சு. நெல்லு கருகருன்னு வளந்துச்சு. தழைச்சத்து மிஞ்சுனா அப்படித்தான், பயிர் இலையாவே நிக்கும். கதிர் வந்தப்ப ஒரே மழைக்குச் சாஞ்சுபோச்சு. பாதிக்கு மேல பதரு.

1878-ல புதுக்கோட்டைக்குத் திவானா வந்த சேஷையா சாஸ்திரி, நகரத்துப் பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்பண்ணினார். குளத்தை வெட்டினா மட்டும் போதுமா? வரத்தும் சுத்தமா இருக்கணுமில்ல?

வீட்டுக்கு வீடு உறிஞ்சிகுழி போடுவோம், மிச்சத் தண்ணி வாரிக்கு முன்னாடி சல்லியும் மணலும் போட்டு கல்வாழை வச்ச குழியில தங்கிப் போகட்டும்னு சொன்னேன். "செப்டிக் டேங்க் குழாயைச் சாக்கடையில விட்டிருக்கவங்க யாரு யாரு?"ன்னு ஒருத்தர் கேட்டார். சபையே கம்முனு இருந்துச்சு.

மொத ஆளு நான்தான்னு கையைத் தூக்கினேன்.

குழாயை அடைச்சு, கொல்லையில உறிஞ்சிகுழி வெட்டிட்டேன். ஆகஸ்ட் 15-க்கு அடுத்த சபை. அதே கேள்வியை மறுபடி கேப்பேன்.