ஓர் இரவுக்கு ஓர் அறை

சென்னையில் குடியேறி முப்பது ஆண்டுகள் கழித்துவிட்டவருக்கு ஊரார் அளிக்கும் பட்டம் ஒன்று உண்டு. அது கல்வியால் வருவதன்று, செல்வத்தால் வருவதுமன்று. "அங்கே நம்ம காக்கா இருக்காஹ; ஒரு போன் போட்டா ரூம் பாத்து வைப்பாஹ" என்று கீழக்கரையில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்படும் சொல்லே அந்தப் பட்டம். நாம் விரும்பியோ விரும்பாமலோ அதைச் சூடிக்கொண்டு வெகுகாலமாகிறது.

மாதத்திற்கு இரண்டு மூன்று அழைப்புகளேனும் வரும். கண் மருத்துவம், கல்லூரிச் சேர்க்கை, விசாவுக்குக் கைரேகை பதிதல், விமானம் ஏறுதல், விமானத்தில் வருபவரை எதிர்கொள்ளல் என்று காரணங்கள் பல. வேண்டுகோள் மட்டும் ஒன்றேதான்: வாடகை குறைவாக இருக்க வேண்டும், குடும்பத்தோடு தங்கத் தக்கதாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். எதற்குப் பக்கத்தில் என்று அவர்களும் சொல்வதில்லை. நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை.

தங்குமிடத்தைக் குறிக்கும் சொற்களே நம் நாட்டில் ஒரு வேடிக்கை. ஹோட்டல் என்றால் நமக்கு இட்லியும் புரோட்டாவும் கிடைக்குமிடம். மோட்டல் என்றால் நெடுஞ்சாலையில் பேருந்து நள்ளிரவில் நின்று, ஓட்டுநர் இலவசமாகவும் பயணிகள் இருமடங்கு விலை கொடுத்தும் உண்ணுமிடம்; அங்கே படுக்க ஒரு பாய்கூடக் கிடைக்காது. மேன்சன் என்பது மேலைநாட்டில் மாளிகையாம். நம் திருவல்லிக்கேணியில் அது, மணமாகாத ஆடவர் கட்டிலுக்கு இவ்வளவு என்று மாத வாடகை கொடுத்து ஒடுங்கிக் கிடக்கும் கூடு. பெண்வாடை அங்கே ஆகாது. ஆக, குடும்பத்தோடு வருபவருக்கு எஞ்சுவது லாட்ஜ் என்ற ஒரு சொல்தான்.

வாலாஜா பள்ளிவாசலுக்குப் பின்புறத்துச் சந்தொன்றில் நம் இல்லம். மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. இரண்டே அறைகள். ஒன்றில் படுத்த படுக்கையாய் நம் வாப்பா. மற்றொன்றில் நாம், இல்லாள், பிள்ளைகள், அவர்தம் புத்தகங்கள். ஊரில் நாம் சிறுவராயிருந்த நாளில், வந்த உறவினரை லாட்ஜுக்கு அனுப்பினார் ஒருவர் என்றால் அது ஊர்ப்பேச்சாகிவிடும். சாச்சி வீட்டு முற்றத்தில் பெருநாள் காலங்களில் முப்பது பேர் படுத்துறங்கியதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவராய் நாமும் உறங்கியிருக்கிறோம். அந்தச் சாச்சியைத்தான் நாம் லாட்ஜுக்கு அனுப்பினோம்.

அது 2024 பிப்ரவரி. சாச்சியின் மகள், நமக்குத் தங்கை முறை, சவூதியிலிருக்கும் கணவரிடம் செல்ல விசாவுக்குக் கைரேகை பதிய வேண்டியிருந்தது. சாச்சப்பா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆண்துணை என்று எவருமில்லை. தாயும் மகளுமாக வருகிறோம் என்று தொலைபேசியில் கூறினார்கள். எழும்பூர் நிலையத்தருகே ஒரு லாட்ஜை நாம் தொலைபேசியிலேயே பேசி, நம் பெயரில் ஐந்நூறு ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டோம். வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

தென்மாவட்டப் பேருந்துகள் அதுகாறும் கோயம்பேட்டுக்கு வந்தவை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபின், அடுத்தடுத்த வாரங்களில் அவை ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடலாயின. வண்டலூருக்கு அப்பாலுள்ள அவ்விடத்திற்கும் எழும்பூருக்கும் முப்பது கிலோமீட்டர் தொலைவு. விடியுமுன் அங்கே இறங்கிய இருவரும் மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, அங்கிருந்து மின்ரயிலேறி எழும்பூர் சேர்ந்திருக்கிறார்கள். நாமோ திருவல்லிக்கேணியில், மூன்று கிலோமீட்டருக்குள், போர்த்திக்கொண்டு உறங்கிக் கொண்டிருந்தோம்.

கைரேகை பதிந்து முடித்து, பகல் உணவுக்கு நம் இல்லம் வந்தார்கள். கையில் பை இருந்தது. "ரூமைக் காலி பண்ணிட்டோம், ராத்திரி பஸ்ஸுக்குப் போயிடுவோம்" என்றார் சாச்சி. மூன்று மாடி ஏறிய இளைப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அறை வசதியாக இருந்ததா சாச்சி?" என்று கேட்டோம்.

"நல்லா இருந்துச்சு வாப்பா. ஃபேன் காத்து அப்படி வந்துச்சு."

உண்டவுடன் பாயில் சாய்ந்தவர் அஸர் வரை எழவில்லை. பயணக் களைப்பு என்று நாமும் இல்லாளும் பேசிக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து ஊரில் ஒரு திருமண வீட்டில், பேச்சுவாக்கில் தங்கைதான் வாய்தவறிச் சொன்னாள். எழும்பூர் நிலையத்து இருக்கையில் கொசுக்கடி எப்படியிருந்தது என்று. துருவிக் கேட்டபின் முழுதும் வெளிவந்தது. லாட்ஜின் மேலாளர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜென்ட்ஸ் யாரும் வரலியா? லேடீஸ் மட்டும்னா ரூம் கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். பதிவு செய்தவர் பெயரில் அடையாள அட்டை வேண்டுமாம். இவர்கள் நீட்டிய ஆதார் அட்டைகளை அவர் கையில்கூட வாங்கவில்லை. நமக்குத் தொலைபேசி செய்யலாம் என்று தங்கை சொல்ல, "புள்ள தூங்கும்; வேணாம்" என்று சாச்சி தடுத்திருக்கிறார். ஐம்பத்தாறு வயதுப் பிள்ளை! நிலையத்தில் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி உடைமாற்றி, இருக்கையில் அமர்ந்து நேரம் போக்கி, அங்கிருந்தே விசா அலுவலகம் சென்றிருக்கிறார்கள்.

வீசாத மின்விசிறிக்குக் காற்றைக் கற்பித்துச் சொன்ன அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சென்னை திரும்பியதும் அந்த லாட்ஜுக்குச் சென்றோம். வேறொரு மேலாளர் இருந்தார். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். நம் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றார். நாம் அதற்காகச் செல்லவில்லை. பெண்கள் தனித்து அறை எடுக்கக் கூடாதென்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டோம். சட்டமெல்லாம் இல்லை, முதலாளியின் உத்தரவு என்றார். உண்மைதான், அப்படியொரு சட்டம் இந்நாட்டில் இல்லை. பதிவேட்டில் எழுதி அடையாளச் சான்றைப் பெற்றுக்கொள்வதோடு விடுதியாரின் கடமை முடிந்தது. ஆயினும் விடியற்காலையில் பையோடு நிற்கும் ஒரு விதவைக்குச் சட்டம் பேச நேரமேது?

அந்த மேலாளரைவிட நம்மீதே நமக்குச் சினம் மிகுந்தது. தொலைபேசியில் வாடகையைக் கேட்டோம்; குடிநீரைக் கேட்டோம்; யார் வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதன்பின் மாலை நடையை எழும்பூர் பக்கமாக மாற்றிக்கொண்டோம். கென்னட் சந்திலும் காந்தி இர்வின் சாலையிலும் படியேறிப் படியிறங்கி, கண்டதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதலானோம். இல்லாள் நகைத்தாள். நகைக்கட்டும். அந்நடையில் கண்ட சிலவற்றை வாசகர்க்குச் சொல்வது பயன்படும்.

முதலாவது, நாள் என்ற சொல்லுக்கு விடுதிக்கு விடுதி பொருள் வேறு. சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி ஒரு நாள். வேறு சிலவற்றில் நண்பகல் பன்னிரண்டோடு நாள் முடிந்தது. நம் தென்மாவட்டத்தார் பெரும்பாலும் விடியற்காலையில் இறங்குபவர்கள். ஐந்து மணிக்கு நுழைந்து குளித்து உண்டு முடிக்குமுன் கணக்கு முடிந்துவிடும். மாலை வரை இருந்தால் இரண்டு நாள் வாடகை. எண்ணூறு ரூபாய் அறை ஆயிரத்தறுநூறு ஆவதும், ஆயிரத்து இருநூறு ரூபாய் அறை ஆயிரத்து இருநூறாகவே நிற்பதும் இப்படித்தான். மலிவு எது என்பதைப் பலகையில் எழுதிய வாடகை சொல்லாது.

வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கு முன்பு சரக்கு சேவை வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் பன்னிரண்டு விழுக்காடு விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது ஐந்து விழுக்காடாகக் குறைந்தது. குறைந்ததை அறியாதவர்போல் பழைய விழுக்காட்டையே கேட்பவரும் உண்டு. பற்றுச்சீட்டுக் கேட்டால் நினைவு வந்துவிடும்.

படிகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. முழங்கால் நோயுடைய உம்மாவை அழைத்துக்கொண்டு வருபவருக்கு நான்காம் மாடியில் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்து என்ன பயன்? மின்தூக்கி இருக்கிறது என்பார்கள். ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். கழிப்பறை எத்தகையது, வெந்நீர் எத்தனை மணி வரை, சன்னல் திறந்தால் தெரிவது தெருவா அடுத்த சுவரா என்பதையெல்லாம் தொலைபேசியில் அறிய இயலாது. கைப்பேசிப் படங்களையும் நாம் நம்புவதில்லை. படத்தில் தாமரைக்குளம்போல் விரிந்திருந்த ஒரு கட்டில், நேரில் பார்த்தால் சுவருக்கும் சுவருக்கும் இடையே செருகப்பட்டிருந்தது. தொழுகைக்கு விரிக்க ஒரு முழம் தரையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியம், நாம் நெடுங்காலம் கேட்காதிருந்த அந்தக் கேள்வி: எதற்குப் பக்கத்தில்? அரசுப் பொது மருத்துவமனைக்கும் எழும்பூர்க் கண் மருத்துவமனைக்கும் வருபவர் எழும்பூரிலோ பெரியமேட்டிலோ தங்குவதே முறை. 1819இல் தொடங்கிய அக்கண் மருத்துவமனைக்கு அங்கிருந்து நடந்தே செல்லலாம். கிரீம்ஸ் சாலையில் மருத்துவம் செய்துகொள்பவர்க்கு, அச்சாலையை ஒட்டிய சந்துகளில் சமையல் வசதியோடு வீடுகளையே நாள்வாடகைக்கு விடுகிறார்கள். வங்கத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரும் நோயாளர் மிகுதியால் அங்கே பெயர்ப்பலகைகள் வங்க எழுத்தில் தொங்குகின்றன. கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டிய நோயாளி இருந்தால், ஓர் அடுப்புள்ள அறைக்கு ஈடில்லை. விமானம் ஏறுபவரோ நகருக்குள் வரவே வேண்டுவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கித் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ தங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தின் எதிரேயே திரிசூலம் மின்ரயில் நிலையம். அதற்கு அடுத்த நிலையம் பல்லாவரம்.

சென்ட்ரல் நிலையத்தின் எதிரே ராமசாமி முதலியார் சத்திரத்தையும், அதற்கு அணித்தாயுள்ள சித்தீக் சராயையும் கடக்கும்போதெல்லாம் நாம் சற்று நிற்பதுண்டு. தம் இளமையில் கொழும்புச் சாமான் வாங்கி விற்க வந்த காலத்தில் சராயில் ஜமுக்காளம் விரித்துப் படுத்த கதையை வாப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதற்கென்றே செல்வர் சிலர் கட்டடம் எழுப்பினார்கள். நாம் நம்மிடம் இருந்த ஐந்நூறு ரூபாயைக் கைப்பேசி வழியாக அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

2025 அக்டோபரில், மகப்பேற்றுக்காக ஊர் வந்திருந்த தங்கை கைக்குழந்தையோடு மீண்டும் சவூதி புறப்பட்டாள். விமானம் பின்னிரவில். வழியனுப்பிவிட்டுச் சாச்சி தனியே மறுநாள் மாலை வரை இருந்து ஊர்ப்பேருந்து பிடிக்க வேண்டும். நம் இல்லத்திற்கே வரும்படி மன்றாடினோம்.

"மூணு மாடி என்னால ஆவாது வாப்பா. ரூமு பாரு. ஆனா இந்தத் தடவ நீயும் வா" என்றார்.

அந்த 'ஆனால்' ஒன்றுதான் அவர் நமக்குச் சொன்ன ஒரே கண்டிப்பு.

பல்லாவரத்தில் ஐந்து விடுதிகளைப் பார்த்து, ஆறாவதில் தரைத்தளத்து அறை ஒன்றை முடிவு செய்தோம். ஆயிரத்து நூறு ரூபாய். வரியோடு ஆயிரத்து நூற்றைம்பத்தைந்து. இருபத்துநான்கு மணிக் கணக்கு. இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும், பிறகு ஒரு முதியவள் தனியாக என்று முன்னதாகவே விவரம் சொன்னோம். மேலாளர் ஓர் இளைஞர், "அதனால என்ன சார்?" என்றார். விடியுமுன் கிளாம்பாக்கம் சென்று அவர்களை அழைத்துக்கொண்டு வந்தோம்.

பதிவேட்டை அந்த இளைஞர் நம் பக்கம் திருப்பினார். நாம் அதைச் சாச்சியின் பக்கம் திருப்பினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, பேனாவைப் பிடித்து, வலமிருந்து இடமாக மெல்லத் தம் பெயரை எழுதினார். சிறுமியாயிருந்தபோது ஓதும் பள்ளியில் பழகிய அரபுத்தமிழ்.

இளைஞர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷைம்மா?" என்று கேட்டார்.

"தமிழ்தான் தம்பி" என்றார் சாச்சி. "சாவியக் குடு. புள்ள தூக்கத்துக்கு அழுவுது."